கை மட்டும் மறையாதது ஏன்?

உலகில் இல்லாத ஒருவனுக்கு வாய்த்த, உலகில் இல்லாத ஆற்றலைப் பற்றி, இருக்கின்ற மனிதர் மணிக்கணக்கில் வழக்காடுவதுண்டு. வேலையற்றவர் செயல் என்று அதனை ஒதுக்கிவிடுவோர் பலர். ஆயினும் அவ்வழக்குகளுக்குச் சற்றுச் செவிகொடுப்போமாயின், நீதிமன்றத்திலும் ஆய்வுகூடத்திலும் நிகழும் விசாரணைக்கு அவை அதிகம் குறைந்தவையல்ல என்பது விளங்கும். பொரளையில் வாழும் எம் நண்பர் குடும்பத்தில் அண்மையில் நிகழ்ந்த அத்தகைய வழக்கொன்றே இக்கட்டுரைக்குத் தோற்றுவாயாயிற்று. வழக்கின் நாயகன் இரும்புக்கை மாயாவி. வழக்கு இதுதான்: உடல் முழுவதும் மறையும்போது அவனுடைய கை மட்டும் ஏன் மறைவதில்லை?

வழக்காடியோர் மூன்று தலைமுறையினர். ஓய்வுபெற்ற எழுதுவினைஞராகிய பாட்டனார் ஒருவர். மின்னிணைப்பு வேலை செய்யும் அவர் மகன். எட்டாந் தரத்திற் பயிலும் பேத்தி. மூவர்க்கும் பொதுவாக அந்த வீட்டிலே இருப்பது ஒரு கட்டுப் படக்கதை இதழ்கள். அவற்றைப் படித்து முடித்த பின்னரே வழக்குத் தொடங்கிற்று.

யார் இந்த மாயாவி?

ஐம்பது வயதைக் கடந்த வாசகர்களுக்கு இவனை அறிமுகஞ் செய்ய வேண்டுவதில்லை. இளையோர் பொருட்டுச் சில சொற்கள். 1962 ஆம் ஆண்டு அக்டோபர் 6 ஆம் திகதி, இங்கிலாந்திலே 'வேலியண்ட்' என்னும் சிறுவர் வார இதழ் தோன்றியது. அதன் முதல் இதழிலேயே ஆரம்பமான தொடர் சித்திரக்கதைதான் இவனுடையது. அங்கே அவன் பெயர் லூயி கிரண்டெல். முதலில் கதை எழுதியவர் கென் புல்மர் என்னும் நாவலாசிரியர். பின்னர்ப் பல்லாண்டுகள் எழுதியவர் டொம் டல்லி. சித்திரம் வரைந்தவர் ஸ்பெயின் நாட்டின் பார்சலோனா நகரத்தவரான ஹெசூஸ் பிளாஸ்கோ. கறுப்பும் வெள்ளையுமாக அவர் தீட்டிய நிழல்களுக்காகவே அக்கதையைப் பாதுகாத்து வைத்திருப்போர் இன்றும் உளர்.

தமிழுக்கு இவன் வந்தது 1972 ஆம் ஆண்டு ஜனவரியில். சிவகாசியிலிருந்து சௌந்தரபாண்டியன் வெளியிட்ட முத்து காமிக்ஸின் முதலாவது இதழே 'இரும்புக்கை மாயாவி'. முல்லை தங்கராசன் அதன் ஆசிரியராயிருந்தார். தொடர்ந்து 'உறைபனி மர்மம்', 'நாச அலைகள்', 'பாம்புத் தீவு' என ஒன்றன்பின் ஒன்றாக வந்த இதழ்களால் லூயி கிரண்டெல் என்ற பெயரை மறந்து, மாயாவி என்ற பெயரையே தமிழ்ச் சிறுவர் நெஞ்சிற் பதித்துக்கொண்டனர். கடல் கடந்து இலங்கைக்கு வந்த இதழ்கள் ஒரு வீட்டிலே தங்கியதில்லை. வாங்கியவர் ஒருவர், படித்தவர் பதின்மர் என்றபடி அவை கைமாறின.

கதையின் அடிப்படை எளியது. கிரண்டெல் பேராசிரியர் பரிஞ்சர் என்பவரின் உதவியாளன். விபத்தொன்றில் வலக்கையை இழந்து, அதற்கீடாக இரும்பாலான செயற்கைக் கையைப் பொருத்திக்கொண்டவன். ஒருநாள் ஆய்வுகூடத்திலே வெடிப்பொன்று நேர, உயர் அழுத்த மின்சாரம் அவன் உடலிற் பாய்கிறது. பாய்ந்ததும் அவன் கண்ணுக்குப் புலப்படாது மறைகிறான். இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் மிதக்கிறது. சிறிது நேரஞ் சென்றதும் மின்னாற்றல் தேய, உடல் மீண்டும் தோன்றுகிறது. மறுபடி மறைய வேண்டுமாயின் மறுபடியும் மின்சாரம் வேண்டும்.

ஆகவே விதிகள் மூன்று. மின்சாரமின்றி மறைவில்லை, மறைவு நிலையானதன்று, கை ஒருபோதும் மறையாது. இம்மூன்றையும் ஏற்றுக்கொண்ட வாசகன், அதன் பின்னரே தன் ஐயங்களை எழுப்புகிறான்.

பொத்தான் வழக்கு

முதல் ஐயத்தை எழுப்பியவள் பேத்தி. வழக்கு நடந்தவாறே தருகின்றோம்.

"அப்பப்பா, இரும்பு மறையாதெண்டால், அவரின்ரை சட்டைத் தெறியும் பெல்ற் கொளுக்கியும் மட்டும் எப்பிடி மறையுது?"

"தெறி கொம்பிலை செய்ததாயிருக்கும், பிள்ளை."

"பெல்ற் கொளுக்கி?"

பாட்டனார் சற்று நேரம் பேசவில்லை. "அவர் பெல்ற் கட்டுறேல்லைப் போலை," என்றார் ஈற்றில்.

நகைப்புக்குரியதாகத் தோன்றினும், இஃது ஆழமான கேள்வி. மாயாவி மறையும்போது அவன் ஆடையும் மறைகின்றது. அப்படியாயின் மறைதலின் எல்லை யாது? தோலோடு முடிகின்றதா, துணியோடு முடிகின்றதா? சட்டைப்பையிற் கிடக்கும் காசு என்னவாகும்? அவன் ஒரு குழந்தையைத் தூக்கி அணைத்தால் குழந்தையும் மறையுமா? அவன் உண்ட சோறு வயிற்றிற் செரிக்குமட்டும் வெளியே தெரியுமா? மழையில் நின்றால் நீர் வழிந்து உருவம் புலப்படாதா? நாய் மோப்பம் பிடிக்காதா? இவை யாவும் ஐம்பதாண்டுகளாகப் படக்கதை வாசகரிடையே உலவிவரும் ஐயங்கள்.

இவற்றுக்கு விடைகூற முற்படுவோரை மூன்று கட்சியினராகப் பிரிக்கலாம். முதற் கட்சியார் சொல்வழி நிற்போர். இதழில் அச்சாகியிருப்பதே சாத்திரம். சித்திரத்தில் ஆடை மறைகின்றதெனின் ஆடை மறையும், அவ்வளவே என்பர். எம் நண்பராகிய பாட்டனார் இக்கட்சியைச் சேர்ந்தவர். இரண்டாங் கட்சியார் காரணம் தேடுவோர். பௌதிகத்துக்கு ஒத்து வராத விதியை அவர் மனம் ஏற்பதில்லை. மின்னிணைப்பாளராகிய மகன் இக்கட்சி. மூன்றாங் கட்சியார், கதையை இயற்றியவனுக்கு என்ன தேவை இருந்தது என்று பார்ப்பவர். பேத்தி எட்டாந் தரத்திலேயே இக்கட்சிக்கு வந்துவிட்டாள் என்பது வியப்பு. "கையும் மறைஞ்சால் படம் கீறுறவர் எதைக் கீறுறது?" என்று அவள் கேட்டாள்.

இதனை யாம் பல நாள் எண்ணிப் பார்த்தோம். கண்ணுக்குத் தெரியாதவனைப் பற்றிய கதையை எழுத்திற் சொல்லலாம், வானொலியிலுஞ் சொல்லலாம். சித்திரத்திற் சொல்லுவது எவ்வாறு? கட்டத்துக்குக் கட்டம் வெறும் அறையை வரைந்து கொடுத்தால் வாசகன் காசைத் திருப்பிக் கேட்பான். அந்தரத்தில் மிதக்கும் கை ஒன்று கிடைத்தபின், வெறும் அறையும் அச்சந்தருவதாகி விடுகின்றது. கதவைத் திறப்பது கை; துப்பாக்கியைப் பறிப்பது கை; எதிரியின் கழுத்தை நெருங்குவதும் கை. ஆற்றலின் குறையே சித்திரத்தின் உயிராயிற்று.

மின்சாரம் என்ன சொல்லும்?

காரணம் தேடுவோர் கட்சியையும் கேட்போம். எல்லாப் பொருளும் மறைய, உலோகம் மட்டும் மறையாது என்பதற்குப் பௌதிகத்தில் ஒரு நியாயம் உண்டு. உலோகத்தினுள்ளே எந்த அணுவுக்கும் கட்டுப்படாது உலாவும் இலத்திரன்கள் உள. மின்சாரத்தைக் கடத்துவன அவையே. உலோகத்தின்மேல் வந்து விழும் ஒளியை உள்ளே புகவிடாது திருப்பியனுப்புவனவும் அவையே. ஆகையால் எது மின்சாரத்தை நன்றாகக் கடத்துகின்றதோ, அதுவே ஒளியை ஊடுபுக விடாததாயும் இருக்கின்றது. மாயாவிக்கு மின்சாரத்தைப் பெற்றுத் தருவது எந்தக் கையோ, அந்தக் கையே அவனைக் காட்டிக் கொடுப்பதும் ஆகும். கதாசிரியர் இதை எண்ணித்தான் எழுதினாரோ அறியோம். பொருத்தம் மட்டும் வியக்கத்தக்கது. பெல்ற் கொளுக்கி வழக்குத்தான் இன்னுந் தீரவில்லை.

மாயாவிக்கு முன்னோடி ஒருவன் உண்டு. எச். ஜி. வெல்ஸ் 1897 இல் வெளியிட்ட 'த இன்விசிபிள் மேன்' என்ற நாவலிலே வரும் கிரிபின் என்பவனே அவன். உடலின் ஒளிமுறிவுச் சுட்டியைக் காற்றின் சுட்டிக்குச் சமமாக்கி மறைபவன் அவன். நீரினுள் இட்ட கண்ணாடித் துண்டு கண்ணுக்குத் தெரியாமற் போவது போன்றதே அந்த உபாயம். வெல்ஸ் தம் விதிகளில் இரக்கமற்றவர். கிரிபினின் ஆடை மறையாது. ஆகவே இலண்டன் குளிரில் அவன் வெற்றுடம்போடு அலைய வேண்டும். உண்ட உணவு உடலோடு சேருமட்டும் வெளியே தெரியும். பனி விழுந்தால் உருவம் தெரியும். சேறு பட்டால் பாதம் தெரியும். மறையும் ஆற்றல் பெற்ற மனிதன் ஒரு கோப்பை சூப்புக்கும் ஒரு சோடிச் சப்பாத்துக்கும் ஏங்கி நிற்கும் நிலையை வெல்ஸ் காட்டினார்.

ஆயினும் வெல்ஸையும் மடக்கியவர் உளர். 'பொழுதுபோக்கு பௌதிகம்' எனத் தமிழிலும் வந்த நூலின் ஆசிரியரான ரஷ்ய அறிஞர் யாக்கோவ் பெரெல்மான் எழுப்பிய ஆட்சேபம் எளிது, தப்ப வழியற்றது. நாம் காண்பது எதனால்? கண்ணின் வில்லை ஒளியை முறித்துக் குவிக்க, விழித்திரை அவ்வொளியை உறிஞ்சுவதனால். கண்ணும் காற்றைப் போலாகிவிட்டால் வில்லை ஒளியை முறிக்காது. விழித்திரை ஒளியை உறிஞ்சாது. பிறர் காண முடியாதவன் பிறரையுங் காண முடியாதவனாவான். முழுக்க மறைந்தவன் முழுக் குருடன்.

இனி மின்னிணைப்பாளரின் ஆட்சேபத்தைக் கேட்கலாம். இக்காலக் கொழும்பு வீடுகளிலே பொருத்தப்பட்டிருக்கும் ட்ரிப் சுவிட்ச், போகும் மின்னும் திரும்பும் மின்னும் ஒத்திருக்கின்றனவா என்று ஓயாது கணக்குப் பார்ப்பது. மனித உடல் வழியே 30 மில்லி அம்பியர் அளவு நிலத்துக்குக் கசிந்தாலும், கண்மூடித் திறக்குமுன் இணைப்பைத் துண்டித்துவிடும். "எங்கடை வீட்டுப் பிளக்கிலை மாயாவி விரலை விட்டால், அவர் மறையார், வீடுதான் இருண்டுபோகும்," என்றார் அவர். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நிலவிய காலமாயிருந்தால், மாயாவிக்குத் தொழிலே நடந்திராது என்றும் சேர்த்துக்கொண்டார்.

வேடிக்கைக்கு நடுவே பெற்றோருக்கு ஒரு சொல். வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று. அம்பியரில் பத்திலொரு பங்கு மின்னோட்டம் நெஞ்சின் வழியே பாய்ந்தாலும் இதயத் துடிப்புக் குலைந்து உயிர் போகக்கூடும். மாயாவியின் முதல் விதி கதைக்குள் மட்டுமே செல்லும் என்பதைச் சிறுவர்க்குத் தெளிவாகச் சொல்லி வைத்தல் நன்று.

கனத்தையில் உறங்கும் சான்றாளர்

பொரளையில் நிகழ்ந்த வழக்குக்குப் பொரளையிலேயே ஒரு சான்றாளர் உண்டு. ஆர்தர் சி. கிளார்க் 1956 இல் இலங்கைக்கு வந்து, இந்நாட்டையே தம் வீடாகக் கொண்டவர். 2008 மார்ச் 19 ஆம் திகதி கொழும்பிற் காலமான அவர், பொரளைக் கனத்தை மயானத்தில் அடக்கஞ் செய்யப்பட்டார். செய்மதிகளின் வாயிலாக உலகெங்கும் செய்தி பரப்பலாம் என்று 1945 இலேயே எழுதிய அறிஞர் அவர். மாயாவி பிறந்த அதே 1962 இல் அவர் வெளியிட்ட 'புரொபைல்ஸ் ஒப் த பியூச்சர்' என்னும் நூல், மனிதர்க்கு எது கைகூடும், எது கைகூடாது என்பதை ஆராய்வது. கண்ணுக்குப் புலனாகா மனிதரைப் பற்றியும் அதில் ஓர் அத்தியாயம் உண்டு. 1973 இல் திருத்திய பதிப்பில் அவர் சேர்த்த விதியொன்று உலகப் புகழ் பெற்றது. மிக முன்னேறிய தொழில்நுட்பத்தைக் காண்போர்க்கு அது மந்திரமாகவே தோன்றும் என்பது அதன் கருத்து.

கிளார்க்கின் விதிக்கு ஓர் உதாரணத்தை அவர் உயிரோடிருந்தபோதே அறிவியலாளர் காட்டினர். 2006 ஆம் ஆண்டு, இலண்டன் பேராசிரியர் ஜோன் பென்றி வகுத்த கொள்கையைப் பின்பற்றி, அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார் செப்பு உருளை ஒன்றை நுண்ணலைகளிலிருந்து பெருமளவுக்கு மறைத்தனர். ஆற்று நீர் பாறையைச் சுற்றி ஓடி மீண்டும் ஒன்றாகுவது போல, அலைகள் உருளையைச் சுற்றிச் சென்று சேர்ந்தன. ஆயினும் அங்கும் பெரெல்மானின் ஆட்சேபம் வந்து நின்றது. அலைகள் சுற்றிக்கொண்டு போவதால், உள்ளே இருப்பவர்க்கு வெளியுலகம் இருளே. கட்டணமின்றி இயற்கையும் மறைவைத் தருவதில்லை போலும்.

வரமும் வரம்பும்

இவ்வாறு விதிகளை நுணுகி நோக்கும் பழக்கம் ஆங்கிலச் சித்திரக்கதைகளோடு நம்மிடம் வந்ததன்று. புராணங் கேட்டு வளர்ந்த வீடுகளில் இது பழைய சொத்து. இரணியன் பெற்ற வரத்தை எண்ணிப் பாருங்கள். பகலிலும் சாவில்லை, இரவிலும் இல்லை. உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. மனிதராலும் இல்லை, விலங்காலும் இல்லை. நிலத்திலும் இல்லை, வானத்திலும் இல்லை. தேர்ந்த வழக்கறிஞர் எழுதிக் கொடுத்த உறுதிப்பத்திரம் போன்றது அது. அதிலே ஒரு சொல்லையும் மீறாது, அந்தி வேளையில், வாயிற்படியில், மடிமீது கிடத்தி, நகத்தாலே நரசிங்கம் அவனை முடித்த கதையைக் கேட்கும் குழந்தை, வதையைக் காட்டிலும் வரத்தில் இருந்த இடைவெளியையே வியக்கின்றது. "நகத்துக்கு உயிர் இருக்கோ, இல்லையோ?" என்று கேட்காத குழந்தையும் உண்டோ?

வேதாளத்தின் விதியும் அத்தகையதே. விடை தெரிந்தும் கூறாவிடின் விக்கிரமாதித்தன் தலை வெடிக்கும். கூறினாலோ மௌனம் கலைந்து வேதாளம் மீண்டும் முருங்கைமரம் ஏறும். அம்புலிமாமாவிலே ஆண்டுக்கணக்காக அதனைப் படித்த சிறுவர்கள், தெரியாதது போல் நடித்தால் என்ன என்று வழிதேடியவர்களே.

இவை யாவற்றினும் பெரிய வழக்கு வாலி வழக்கு. தன் எதிரே நின்று பொருவோரின் வலிமையிற் பாதி தன்னை வந்தடையும் என்பது வாலி பெற்ற வரம். இராமன் மறைந்து நின்று அம்பெய்தான். வரம் அவன் வரையிற் செல்லுமா? செல்லாதெனின் மறைந்தது எதற்கு? செல்லுமெனின் மறைந்தது முறையா? கம்பன் விழா மேடைகளிலே பட்டிமண்டபங்களும் வழக்காடு மன்றங்களும் இன்றுவரை இதனைத் தீர்த்துவிடவில்லை. தீராமையே அதன் சிறப்பு. மாயாவியின் பொத்தானைப் பற்றிப் பேசும் சிறுமி, அந்த மேடையின் கடைசிப் படியிலே ஏறி நிற்கின்றாள் எனலாம்.

வரம்பற்ற வரத்தில் கதையில்லை என்பதை மேலைநாட்டாரும் அனுபவத்தால் அறிந்தனர். 1934 இல் லீ போல்க் படைத்த மந்திரவாதி மாண்ட்ரேக், தொடக்கத்தில் உண்மையாகவே மாயம் புரிபவனாயிருந்தான். பின்னர் அவன் ஆற்றல், காண்போர் மனத்தை மயக்கும் அறிதுயிற் கலையாகச் சுருக்கப்பட்டது. சுருக்கிய பின்னரே நல்ல ஐயங்கள் பிறந்தன. கண்ணில்லாத இயந்திரத்தை மாண்ட்ரேக் மயக்குவது எப்படி? புகைப்படக் கருவியில் எது பதியும்? 1938 இல் தோன்றியபோது உயரத் தாவ மட்டுமே தெரிந்திருந்த சூப்பர்மேன், சில ஆண்டுகளிலே பறக்கவும் கற்றுக்கொண்டான். அவன் ஆற்றல் பெருகப் பெருக எதிரிக்கு வேலையில்லாது போயிற்று. 1943 இல் வானொலி நாடகத்திலே கிரிப்டோனைட் என்ற கல்லைக் கொணர்ந்து அவனை வாடச் செய்தபின் கதைக்கு மீண்டும் இடர் கிடைத்தது.

செய்த கை

இனி, தொடங்கிய கேள்விக்கே வருவோம். கை ஏன் மறைவதில்லை? சித்திரக்காரர் தேவை ஒரு விடை. பௌதிகம் ஒரு விடை. எமக்குத் தோன்றும் மூன்றாம் விடையொன்று உண்டு.

கிரேக்க ஞானி பிளேட்டோ தமது 'குடியரசு' நூலில் ஒரு மோதிரக் கதையை வைத்தார். கைஜஸ் என்ற இடையன் கண்டெடுத்த மோதிரம் அணிந்தவனை மறைக்கும். அவன் அரண்மனை புகுந்து, அரசனைக் கொன்று, ஆட்சியைக் கைப்பற்றினான். யாருங் காணார் என்று உறுதியானால் நல்லவனும் நல்லவனாக இருப்பானா என்பதே அங்கு எழும் கேள்வி. வெல்ஸின் கிரிபின் தேர்ந்தது பயங்கர ஆட்சி; முடிவு, ஊர் மக்கள் கையால் மரணம். நம் மாயாவியும் தொடக்கத்தில் நல்லவனல்லன். மறையும் ஆற்றல் கிட்டியதும் அவன் புத்தி பேதலித்துக் குற்றவாளியாகவே மாறினான். பின்னர்த்தான் திருந்தி, நிழற்படை என்னும் இரகசிய அமைப்பிற் சேர்ந்து, தீயோரைத் தேடுபவனானான். கைஜஸும் கிரிபினும் திரும்பி வராத வழியிலே இவன் மட்டும் திரும்பி வந்தான். அவர்களுக்கு இல்லாத ஒன்று இவனிடம் இருந்தது. எங்கே போயினும் செயலைச் செய்கின்ற கை வெளியே தெரிந்தது. முழுவதும் மறைய முடியாதவன், தன் செயலுக்குப் பொறுப்பேற்க வேண்டியவனாகவே இருக்கின்றான்.

மறைவு என்பது எல்லோர்க்கும் விளையாட்டன்று. 1983 ஜூலை 24 ஆம் திகதி, யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் முதல்நாள் இரவு கொல்லப்பட்ட 13 படையினரின் இறுதிச் சடங்குக்கெனப் பொரளைக் கனத்தையிலே கூட்டம் திரண்டிருந்தபோது தொடங்கிய வன்செயல், அன்றிரவு பொரளையிலும், மறுநாள் கொழும்பெங்கும் பரவியது. வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடியோர் இருந்தனர். வாளியைக் குறிக்கும் சிங்களச் சொல்லை உச்சரிக்கச் சொல்லி, நாவின் வழுக்கலைக் கொண்டு இனம் பிரித்தோரும் இருந்தனர். ஆடையை மாற்றலாம், பொட்டை அழிக்கலாம், உச்சரிப்பை மாற்ற இயலவில்லை. மறைய வேண்டியவர்களிடம் மறையாத ஒன்று இருந்தது. தீ வைத்தவர்களோ கூட்டத்துள் முகமற்றவர்களாய்க் கலந்து போயினர்.

பாட்டனாருக்கு அப்போது வயது இருபத்துமூன்று. பத்தாண்டு சேர்த்த மாயாவி இதழ்கள் வீட்டோடு எரிந்தன. இப்போது வீட்டிலிருப்பவை பின்னாளில் வந்த மறுபதிப்புகள். "மூண்டு நாள் நானும் மாயாவியாத்தான் இருந்தன்," என்றார் அவர், பேத்தி கேட்டுக்கொண்டிருக்க. "ஆனால் என்னை மறைச்சது கரண்ட் இல்லை, பிள்ளை. பக்கத்து வீட்டு நோனா."

அந்தச் சிங்கள மாது அவரைத் தம் வீட்டுப் பின்னறையில் இருத்தி, தெருவிலே கேட்டவர்களுக்கு வேறு ஆளில்லை என்று சொல்லி, இரவில் சோற்றுக்கோப்பையைக் கதவிடுக்கால் நீட்டினாராம். இருளில் அவர் முகந் தெரியவில்லை. கை மட்டுந் தெரிந்தது என்று பாட்டனார் கூறினார். அவ்வாறு அயலவரை மறைத்துக் காத்த சிங்களக் குடும்பங்கள் அந்நாளிற் பல. மறைவைத் தீமைக்குப் பயன்படுத்துவோரும் மனிதரே. பிறர்க்கு மறைவாகி நிற்போரும் மனிதரே.

பேத்தி அன்று மேலும் வழக்காடவில்லை. ஆயினும் மறுவாரம் புதிய ஐயத்தோடு வந்தாளாம். மாயாவி ஒருவரைக் கையாற் பிடித்தால், பிடிபட்டவரும் மறைவாரா? இதழ்களை முதலிலிருந்து புரட்டி, பக்கம் பக்கமாகக் குறிப்பெடுத்து வருகின்றாள். பாட்டனார் சொல்வழிக் கட்சியிலிருந்து சற்றே விலகி அவளுக்கு உதவுகின்றார். மகன், இரும்புக் கையாற் பிடித்தாலா, மற்றைக் கையாற் பிடித்தாலா என்று முதலிற் கேட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்.

பெற்றோர்க்கு எமது வேண்டுகோள் ஒன்றே. பிள்ளை இத்தகைய ஐயத்தோடு வரும்போது, "அது வெறும் கதைதானே" என்று வாயை அடைத்துவிடாதீர்கள். வெறும் கதையிலே விதியைத் தேடப் பழகிய பிள்ளை, நாளை நாட்டின் சட்டத்திலும், சந்தையின் விளம்பரத்திலும், மேடைப் பேச்சிலும் முன்பின் முரணைக் கண்டுகொள்ளும். வரம் எவர் கையில் இருந்தாலும், அதற்கு வரம்பு எங்கே என்று கேட்கும். அக்கேள்வியை வீட்டிலே கேட்க இடமிருந்தால், வெளியிலும் அஞ்சாது கேட்கும்.

பெல்ற் கொளுக்கி வழக்குக்குத் தீர்ப்புச் சொல்லக்கூடிய வாசகர் எவரேனும் இருப்பின், பொரளையில் ஒரு குடும்பம் காத்திருக்கின்றது.